பாயின்செட்டியாவை விடுங்க, பிளம் கேக்கைப் பாருங்க

டிசம்பர் பொறந்தா போதும், நாய் வளர்க்கிற எல்லாரோட போனுக்கும் ஒரு பட்டியல் வந்து விழுந்துடும். கிறிஸ்துமஸ் அலங்காரத்துல நாய்க்கு எதெல்லாம் ஆபத்துன்னு. மிசில்டோ, ஹாலி, வெட்டிக் கொண்டுவந்த ஃபிர் மரத்தோட தொட்டித் தண்ணி, இப்படிப் போகும். பொய் இல்ல, எல்லாம் உண்மைதான். ஆனா நாகர்கோவில்ல யார் வீட்டு நிலைப்படியில மிசில்டோ தொங்குது? தூத்துக்குடியில யாரு ஃபிர் மரம் வாங்குறாங்க? நம்ம வீட்டுல நிக்கிறது பரண்ல இருந்து இறக்கின பிளாஸ்டிக் மரம், இல்லேன்னா ஒரு சவுக்குக் கிளை. வாசல்ல காகித நட்சத்திரம். ஹால் மூலையில குடில். டைனிங் டேபிள்ல பிளம் கேக். இந்த வீட்டுக்குள்ள ஒரு நாய் அஞ்சு வாரம் வாழணும் (திருவருகைக் காலத்துல கட்டின ஸ்டாரை மூணு ராஜாக்கள் திருநாள் முடிஞ்சு, ஜனவரி 6-க்கு அப்புறம்தானே கழட்டுறோம்). அந்தப் பட்டியல்ல பிளம் கேக் எங்கயோ கடைசியில ஒரு வரியா இருக்கும். மைதா பசை, அந்துருண்டை, நள்ளிரவுப் பூசை இதெல்லாம் இருக்கவே இருக்காது. எரிச்சலே அங்கதான். இல்லாத செடிக்குப் பயந்துட்டு, கண்ணு முன்னாடி இருக்கிறதை விட்டுடுறோம்.

அந்தச் செடி விஷயத்தையே முதல்ல பார்த்துடலாம். சிவப்பு இலையோட கிறிஸ்துமஸ் கார்டுல எல்லாம் வருமே, பாயின்செட்டியா. மெக்சிகோ செடி. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வேலியோரமா தானா வளர்ந்து நிக்கும், இப்ப நர்சரியில தொட்டியிலயும் கிடைக்குது. இதைத் தின்னா உயிரே போயிடும்னு ஒரு பேச்சு நூறு வருஷமா ஓடுது. 1919-ல ஹவாய்ல ஒரு ராணுவ அதிகாரியோட குழந்தை இந்த இலையைத் தின்னு செத்துப்போச்சுன்னு கிளம்பின கதை அது. கதைக்கு ஆதாரம் எதுவும் நிக்கல. அதோட பால் வாயில பட்டா எரியும், நாய் எச்சில் வடிக்கும், ஒரு தடவை வாந்தி எடுக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான். அதே சமயம் கேட்டுக்கு ரெண்டு பக்கமும் அழகா சைகஸ் தொட்டி வெச்சிருப்போம், குட்டிப் பனை மாதிரி இருக்குமே, அது. கோயில் பீடத்துக்கும் மேடைக்கும் பூ அலங்காரம் பண்றப்ப பின்னாடி விசிறி மாதிரி செருகுறதும் அதோட ஓலைதான். சைகஸ் செடியில இலை, வேர், கொட்டை எல்லாமே நாய்க்கு விஷம், கொட்டை ரொம்ப மோசம். கல்லீரலையே அடிச்சுடும், வைத்தியம் பார்த்தும் நிறைய நாய்கள் பிழைக்கிறதில்ல. மாலையில கோக்குற அரளியும் அப்படித்தான், அது நேரா இதயத்துல கை வைக்கும். பாயின்செட்டியாவுக்குப் பயந்து தள்ளி வெச்சவங்க, சைகஸ் ஓலையை மிச்சமாச்சேன்னு தரையில போட்டு வைக்கிறாங்க!

சரி, எதை வெச்சு ஆபத்தை எடை போடுறது? என் வாதம் இதுதான். நாம அலங்காரத்தைக் கண்ணால பார்க்கிறோம், நாய் மூக்கால பார்க்குது. சிவப்பு, பச்சை, ஜொலிப்பு எல்லாம் நம்ம கணக்கு. (நாய்க்கு சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. நீலமும் மஞ்சளும்தான் நல்லா தெரியும். கிறிஸ்துமஸ் நிறத்துல பாதி அதுக்கு வீண்!) அதனால எது பளிச்சுன்னு இருக்குன்னு பார்க்காம, எது சாப்பாடு மாதிரி மணக்குது, எது வாய்க்கு எட்டுது, எது நாம வீட்டுல இல்லாத நேரத்துல அப்படியே கிடக்குதுன்னு இந்த மூணையும் கேட்டுப் பாருங்க. வரிசை தலைகீழா மாறிடும்.

மணத்துல முதல் இடம் பிளம் கேக்குக்குத்தான். அதை அலங்காரம்னு சொல்லலாமான்னு கேப்பீங்க. ரிப்பன் கட்டி, பெட்டியோட, மரத்தடியிலயும் டீப்பாய்லயும் ஒரு வாரம் அடுக்கி வைக்கிறோமே, அப்புறம் அது என்னவாம்? அந்தக் கேக்குல இருக்கிறது உலர் திராட்சை. திராட்சை நாயோட சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும்கிறது ரொம்பப் பழைய ஞானம் ஒண்ணும் இல்ல. 2000-ஐ ஒட்டின வருஷங்கள்லதான் அமெரிக்காவுல விலங்கு நச்சு மையத்துக்கு வந்த போன்களைத் தொகுத்துப் பார்த்தப்ப ஒரே மாதிரிக் கதை திரும்பத் திரும்ப வந்தது: நாய் திராட்சை தின்னுச்சு, ஒரு நாளுக்குள்ள வாந்தி எடுத்துச்சு, அடுத்த ரெண்டு மூணு நாள்ல சிறுநீர் குறைஞ்சு நின்னுபோச்சு. ஏன்னு இருபது வருஷம் யாருக்கும் பிடிபடல. பூச்சிமருந்தா, பூஞ்சையான்னு தேடினாங்க. 2021-லதான் அதே மையத்து கால்நடை மருத்துவர்கள் ஒரு துப்பு சொன்னாங்க. கேக்குக்குப் போடுற கிரீம் ஆஃப் டார்டாரைத் தின்ன நாய்க்கும் அச்சு அசலா இதே பாதிப்பு வந்துச்சு. அப்ப காரணம் ரெண்டுலயும் இருக்கிற டார்டாரிக் அமிலமா இருக்கணும்னு. அடுத்த வருஷம் அவங்க வெளியிட்ட தொகுப்புல இன்னொரு பொருளும் சேர்ந்தது. என்ன தெரியுமா? புளி! நம்ம அடுக்களைப் புளியேதான். டார்டாரிக் அமிலம் அதுல அள்ளிக் கிடக்கு. ஆக, நம்ம வீட்டு நாய்க்கு எச்சரிக்கை எழுதுறவங்க மிசில்டோவுல ஆரம்பிக்காம புளிப் பானையில ஆரம்பிச்சிருக்கணும்.

இங்கதான் வழக்கமான மறுப்பு வரும். "எங்க நாய் வருஷா வருஷம் கேக் சாப்பிடுது, கல்லு மாதிரி இருக்கு." நம்புறேன். ஆனா இந்தத் திராட்சை விவகாரத்துல மோசமான அம்சமே அதுதான். இத்தனை கிராம் வரைக்கும் பரவாயில்லன்னு யாராலயும் ஒரு கோடு போட முடியல. திராட்சையோட ரகம், பழுத்த அளவைப் பொறுத்து அமிலத்தோட அளவு மாறுது. போன வருஷ கேக்குல இருந்த திராட்சையும் இந்த வருஷக் கேக்குல இருக்கிறதும் ஒண்ணு இல்ல. போன வருஷம் தப்பிச்சது இந்த வருஷத்துக்கு உத்தரவாதம் ஆகாது. இன்னொரு மறுப்பு இதைவிடப் பிரபலம்: "தெரு நாய் எல்லாம் கண்டதையும் தின்னுட்டு நல்லாத்தானே திரியுது?" திரியுற நாயை மட்டும்தான் நாம பார்க்கிறோம். ரெண்டு நாள் சுருண்டு படுத்து புதருக்குள்ள போய்ச் செத்ததை யாரு எண்ணினது? அது சிறுநீரகம் போய்ச் செத்துச்சான்னு யாரு ரத்தம் எடுத்துப் பார்த்தது? சாவை எண்ணாம விட்டது, ஆபத்து இல்லேங்கிறதுக்கு ஆதாரம் ஆகாதுங்க. போதாததுக்கு அந்தக் கேக்குல ரம்முல ஊறின பழம் வேற. அஞ்சு கிலோ பாமரேனியனுக்கு ஆல்கஹால் எந்த அளவுல இருந்தாலும் நல்லதில்ல.

சாக்லேட் கெடுதல்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, அதனால சுருக்கமா சொல்லிடுறேன். அதுல இருக்கிற தியோபுரோமின் நம்ம உடம்பைவிட நாய் உடம்புல ரொம்ப நேரம் தங்கும், பாதி குறையவே பதினேழு மணி நேரம்கிட்ட ஆகும். கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே தொந்தரவு ஆரம்பிச்சுடும். பத்து கிலோ நாய்க்கு மில்க் சாக்லேட்னா கிட்டத்தட்ட 100 கிராம், டார்க் சாக்லேட்னா அதுல பாதிகூட வேண்டாம். சொல்ல வந்தது அளவு இல்ல, இடம். ஜிகினாத் தாள் சுத்தின சாக்லேட்டை மரத்துல தொங்க விடுறது இப்ப ஒரு ஃபேஷன். நாய்க்கு அந்த மரம் ஒரு பந்தி! ஒரு தடவை கிளையில இருந்து தின்பண்டம் கிடைச்சுடுச்சுன்னா, அப்புறம் கண்ணாடிப் பந்தும் தின்பண்டமான்னு அது சோதிச்சுப் பார்க்கும். மரத்துல திங்கிற பொருளே கூடாதுன்னு நான் சொல்றதுக்கு சாக்லேட்டோட விஷம் பாதிக் காரணம், இந்தப் பழக்கம் மீதிக் காரணம். சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கம்ல சைலிட்டால் இருந்தா கதை இன்னும் வேகம். அரை மணி நேரத்துலயே ரத்தத்துல சர்க்கரை இறங்கி நாய் தள்ளாடும்.

இப்ப குடில். நம்ம ஊர் குடில் எப்படி உருவாகுதுன்னு கொஞ்சம் கிட்ட நின்னு பாருங்க. பிரவுன் பேப்பரைக் கசக்கி மலை, வைக்கோல்ல கூரை, பஞ்சைப் பிச்சுப் போட்டு பனி (கன்னியாகுமரி மாவட்டத்துல பனி, இருக்கட்டும்), உடைஞ்ச கண்ணாடித் துண்டுல குளம், தெர்மாகோல் மணி, ஜிகினாத் தூள். எல்லாத்தையும் ஒட்டுறது மைதா பசை. நாய்க்கு அது காய்ச்சின கஞ்சி. கசக்கின பேப்பரை அது கிழிக்கிறது குறும்புல இல்ல, பசை மணக்குது, அதான். பூச்சி அரிக்காம இருக்கட்டும்னு அந்தப் பசையில மயில்துத்தம் கலக்கிற பழக்கம் இன்னும் போகல. மயில்துத்தம்னா காப்பர் சல்ஃபேட், வயித்தையும் குடலையும் புண்ணாக்குற சரக்கு. ஆக சாப்பாட்டு வாசனையில விஷத்தைக் குழைச்சு, நாயோட மூக்கு உயரத்துல, அதுவும் அது வழக்கமா படுக்கிற ஹால் மூலையில கொண்டுபோய் வைக்கிறோம். குழந்தைகள் கோதுமை மாவையும் உப்பையும் பிசைஞ்சு ஆட்டுக்குட்டி செஞ்சு வெச்சா, அதுவும் சேர்த்தி. உருட்டின மாவுல உப்பு ஏராளம், ரெண்டு ஆட்டுக்குட்டி உள்ள போனா ரத்தத்துல சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம்.

பஞ்சும் ஜிகினாவும் விஷம் இல்ல. ஆனா நூல் மாதிரி நீளமான எதுவும் குடலுக்குள்ள போனா ஒரு விபரீதம் நடக்கும். ஒரு முனை வயித்துலயோ நாக்கடியிலயோ மாட்டிக்கும், மறுமுனையைக் குடல் முன்னாடி தள்ளிக்கிட்டே இருக்கும். பாவாடை நாடாவை இழுத்தா துணி கொசுவமா சுருங்குமே, குடல் அப்படிச் சுருங்கி, நூல் பட்ட இடத்துல அறுபடும். அறுவை சிகிச்சை இல்லாம அதுக்குத் தீர்வு இல்ல. நாயோட பின்பக்கம் ஜிகினா தொங்குதுன்னா இழுத்துடாதீங்க, அப்படியே டாக்டர்கிட்ட கொண்டுபோங்க. பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஆனா நாய்க்கு இல்லேன்னு இல்ல.

"குடில் தரையில இருக்கிறதுதானே முறை? ஏழ்மையைக் காட்டத்தானே அது?"ன்னு பெரியவங்க கேப்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனா 1223-ல இத்தாலியில கிரெச்சோங்கிற ஊர்ல பிரான்சிஸ் அசிசியார் முதல் குடிலை அமைச்சப்ப, ஒரு குகையில தீவனத் தொட்டியும் வைக்கோலும் வெச்சு, நிஜ மாட்டையும் நிஜக் கழுதையையும்தான் கொண்டுவந்து நிறுத்தினார். தெர்மாகோலும் இல்ல, மயில்துத்தமும் இல்ல, சீரியல் செட்டும் இல்ல. விலங்குக்குப் பக்கத்துல வைக்க முடியாதபடி குடிலை மாத்தினது நாமதான். ஒண்ணு, பசையும் பஞ்சும் இல்லாம வைக்கோல், களிமண் சுரூபம், முளைவிட்ட கேழ்வரகுன்னு எளிமையா தரையிலேயே வைங்க (கேழ்வரகு நாத்தை நாய் மேய்ஞ்சா மேயட்டும், புல்லு மாதிரிதான்). இல்ல, மலையும் பனியும் குளமும் வேணும்னா இடுப்புக்கு மேல ஒரு மேஜையில ஏத்துங்க. ரெண்டுமே பக்திக்குக் குறைச்சல் இல்ல. குழந்தை இயேசு சுரூபத்தை மட்டும் எப்படியும் உயரத்துல வைங்க. பல வீட்டுல அது கட்டைவிரல் அளவுதான் இருக்கும், ஒரு லேப்ரடாருக்கு ஒரு வாய்.

மின்சாரத்துக்கு வருவோம். ரோட்டோரம் வாங்குற சீரியல் செட்டோட வயரை விரல்ல உருட்டிப் பாருங்க, தையல் நூலுக்கு மேல உறை போட்ட மாதிரி இருக்கும். அதுல ஓடுறது 230 வோல்ட். குட்டி நாய்க்குப் பல் முளைக்கிற பருவம் நாலுல இருந்து ஆறேழு மாசம் வரைக்கும். அந்த வயசுல எது கிடைச்சாலும் கடிக்கும். கடிச்சா வாய் வெந்துபோறது வெளிய தெரியும். தெரியாதது நுரையீரல்ல நீர் கோக்குறது, அது சில மணி நேரம் கழிச்சும் வரும். அதனால நாய் எழுந்து நடந்துடுச்சேன்னு விட்டுடக் கூடாது. "எங்க வீட்டுல டிரிப்பர் இருக்கு, தானா கட் ஆயிடும்"னு சிலர் தைரியமா இருக்காங்க. அந்த டிரிப்பர் (ஆர்சிசிபி) எப்ப விழும்? மின்சாரம் உடம்பு வழியா தரைக்குக் கசிஞ்சாதான். நாய் காய்ஞ்ச பாய்ல படுத்துக்கிட்டு ரெண்டு வயரையும் சேர்த்துக் கடிச்சா, கரன்ட் ஒரு வயர்ல வந்து வாய் வழியா இன்னொரு வயர்ல திரும்பிடும், கசிவே கணக்குல வராது. டிரிப்பர் வேணும்தான், ஆனா அது இந்தக் கடிக்குக் காவல் இல்ல. பேட்டரி மெழுகுவர்த்தி பாதுகாப்புன்னு வாங்குறவங்களும் அடிமூடியைத் திறந்து பாருங்க. காசு மாதிரி வட்டமா ஒரு லித்தியம் பேட்டரி இருக்கும். நாய் விழுங்கி அது தொண்டையில நின்னா, எச்சிலோட சேர்ந்து அரை மணி நேரத்துக்குள்ளயே சதையைப் பொசுக்க ஆரம்பிக்கும். திருகாணி போட்ட மூடி இருக்கிறதா பார்த்து வாங்குங்க.

இப்ப எல்லாத்துலயும் பலமான மறுப்பு: "நாயை ஒழுங்கா பழக்கினா இதெல்லாம் எதுக்கு?" பழக்கணும், சந்தேகமே இல்ல. 'விடு'ன்னா விடுற நாய் ஒரு வரம். ஆனா அந்தச் சொல் வேலை செய்யணும்னா சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும். 24-ஆம் தேதி ராத்திரி பதினோரு மணிக்கு மேல நம்ம வீடு எப்படி இருக்கும்னு யோசிங்க. மொத்தக் குடும்பமும் நள்ளிரவுப் பூசைக்குக் கிளம்பிடும். திரும்ப ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். வீட்டுல விளக்கு எல்லாம் எரியுது (பண்டிகை நாள்ல வீடு இருட்டா இருக்கக் கூடாதாம்), கேக் மேஜையில இருக்கு, மரத்தடியில பரிசுப் பொட்டலம், பன்னெண்டு மணிக்கு ஊரே வெடி வெடிக்குது. பயந்துபோன நாய் ஓடும், இடிக்கும், வாய்ல கிடைச்சதைக் கடிச்சுப் பயத்தைத் தணிச்சுக்கும். வருஷத்துலயே வீட்டுல ஆபத்தான பொருள் அதிகமாவும் ஆள் குறைச்சலாவும் இருக்கிற நேரம் அது ஒண்ணுதான். பழக்கத்தை நம்புற வாதம் சரியா அந்த மூணு மணி நேரத்துல படுத்துடுது. சீரியல் செட்டை பிளக்கோட உருவிட்டு, நாயை அதுக்குப் பழகின ஒரு உள்ரூம்ல அதோட படுக்கை, தண்ணியோட விட்டு, ஜன்னலைச் சாத்தி, ஃபேன் போட்டு வெச்சுட்டுப் போறதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகுமா?

"அப்ப அலங்காரமே வேண்டாம்னு சொல்ல வர்றீங்க, அப்படித்தானே?" இல்லவே இல்ல. நம்ம ஊர் கிறிஸ்துமஸோட முதல் அலங்காரம் எது? ஸ்டார். மாடி விளிம்புலயோ வேப்பமரக் கிளையிலயோ எட்டடி உயரத்துல தொங்குது. எந்த நாய்க்கும் எட்டாது. பெருசா கட்டுங்க, நாலு கட்டுங்க, யாரு கேட்டா? மரம் வெச்சா ஜன்னல் கம்பியோட சேர்த்து ஒரு கட்டு போடுங்க. கீழ் அடுக்குல துணிப் பொம்மையோ காகிதமோ போதும், கண்ணாடிப் பந்து, ஜிகினா, கம்பிக் கொக்கி எல்லாம் மேல் பாதியில. வயர் சுவரோட ஒட்டி, நாய் வாய்க்கு எட்டாத பிளக்குக்குப் போகட்டும். வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓயாத மாசம், வெளிய ஸ்டாருக்குப் போற வயர்ல ஒட்டுப் போட்ட இடம் நனையுதான்னும் பாருங்க, அது நாய்க்கு மட்டும் இல்ல.

பரண்ல இருந்து பெட்டி இறக்குற அன்னிக்கு நாயைக் கட்டி வைங்கன்னு ஏன் யாரும் சொல்றதில்லன்னு தெரியல. பதினோரு மாசம் கரப்பான் வராம இருக்க உள்ள போட்ட அந்துருண்டை, எலிக்கு வெச்ச கேக், ரெண்டும் அந்தப் பெட்டியோட சேர்ந்து ஹால் தரையில உருளும். அந்துருண்டையில இருக்கிற நாப்தலீன் ரத்த அணுக்களை உடைக்கும். எலி மருந்துல நிறைய வகை ரத்தத்தை உறைய விடாம பண்றது, அதோட குணம் மூணு நாலு நாள் கழிச்சுத்தான் தெரியும். அப்ப ஈறுல ரத்தம் வந்தா அந்தப் பெட்டி யாருக்கு ஞாபகம் வரும்? முதல்ல மொட்டை மாடியில பெட்டியை உதறுங்க, பெருக்குங்க, அப்புறம் வீட்டுக்குள்ள கொண்டுவாங்க.

இவ்வளவும் பண்ணியும் ஏதாவது உள்ள போயிடுச்சுன்னா, உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்பே இன்னொரு விஷமா ஆயிடும், பேட்டரி மாதிரிப் பொருள் திரும்பி மேல வந்தா தொண்டையை ரெண்டாவது தடவை சுடும். எதைத் தின்னுச்சு, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயோட எடை என்ன, இந்த நாலையும் டாக்டர்கிட்ட சொல்லணும், கவர் இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க. திராட்சையோ சாக்லேட்டோ தின்னு ரெண்டு மணி நேரத்துக்குள்ள போனா, அங்க ஊசி போட்டு வாந்தி எடுக்க வெச்சே பெரும்பாலும் முடிச்சுடுவாங்க. ஆனா 25-ஆம் தேதி அரசு விடுமுறை, பக்கத்துத் தெரு கிளினிக் ஷட்டர் போட்டிருக்கும். அதனால அன்னிக்குத் திறந்திருக்கிற இடம் எது, சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ராத்திரி எந்த வாசல் வழியா போகணும், மத்த ஊர்னா எந்த டாக்டர் போனை எடுப்பார்னு 20-ஆம் தேதிக்குள்ளயே கேட்டு வெச்சுக்குங்க. கேக் ஆர்டர் கொடுக்கப் போறப்பவே அந்த போனையும் பண்ணிடலாம்.